பனிக்காலத்துப் பள்ளிப் பலகை



எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத ஒரு செய்தித்தாளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அதற்கு ஆசிரியர் உண்டு. செய்தி கொண்டுவருவோர் உண்டு. நாள்தோறும் தவறாமல் படிப்போரும் உண்டு. ஆனால் அது ஒரே ஒரு படிதான் வெளிவரும். மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் அதுவும் மறைந்துவிடும். நான்கடி நீளமும் மூன்றடி உயரமும் உள்ள ஒரு கரும்பலகையே நான் சொல்லும் செய்தித்தாள். நீலகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஈராசிரியர் தொடக்கப் பள்ளியின் தாழ்வாரத்தில் அது மாட்டப்பட்டிருந்தது. அந்தப் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். காலைதோறும் அந்தப் பலகையில் எழுதுவது என் பொறுப்பாக இருந்தது.

பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்திருந்தோம். கோட்டுக்கு இடப்பக்கம் ‘நடந்தவை’, வலப்பக்கம் ‘வருபவை’. நடந்தவற்றைச் சொல்வோர் மாணவர்கள். வருபவற்றைச் சொல்பவன் நான். இந்த ஏற்பாடு எளியதாகத் தோன்றும். ஆயினும், என் ஆசிரியப் பணியில் நான் கற்ற பெரும்பாடம் அந்த ஒற்றைக் கோட்டின் இரு பக்கங்களிலும்தான் இருந்தது. அதனைக் கற்றதும் ஒரு பனிக்காலத்தில்தான்.

நம் முன்னோர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சமவெளியில் வாழ்வோருக்குப் பனி என்றால் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. விடியலில் போர்வையை இழுத்துக் கொள்ளச் செய்யும் ஒரு சிலிர்ப்பு. ஆனால், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்திலும் அதனைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் பனி என்பது வேறு. அங்கே அது உறைபனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளின் மறுநாள் காலையில், புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டிப் பரப்பியது போல வெளுத்துக் கிடக்கும்.

ஆகவே, எங்கள் பலகையின் பனிக்கால முதற்செய்தி எப்போதும் உறைபனியைப் பற்றியதாகவே இருக்கும். ‘இன்று மைதானம் வெள்ளை’ என்பான் ஒருவன். ‘வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி போல ஒரு தகடு இருந்தது, எடுத்தேன், உடைந்துவிட்டது’ என்பாள் ஒருத்தி. ‘வாலாட்டிக் குருவி வந்துவிட்டது’ என்று மூன்றாமவன் அறிவிப்பான். இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிர்காலத்தைக் கழிக்க நம் மலைகளை நாடி வரும் சிறு பறவை அது. ஓடைக்கரையில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு திரியும். குழந்தைகள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன். செய்தியைத் திருத்த மாட்டேன்.

செய்தி வந்துவிட்டால் கேள்வியும் வருமன்றோ? ‘மைதானம் வெளுத்திருக்கிறது, ஆனால் மரத்தடியில் மட்டும் பச்சையாக இருக்கிறதே, ஏன்?’ என்று நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஒருநாள் கேட்டான். விடையை உடனே சொல்லிவிட எனக்கு மனமில்லை. இரண்டு வெப்பமானிகளை எடுத்தோம். ஒன்றைத் தாழ்வாரத்துத் தூணில் கட்டினோம். மற்றொன்றை மைதானத்துப் புல்லின்மேல் கிடத்தினோம். மறுநாள் விடியற்காலையில் தூணில் இருந்தது 4 பாகை காட்டியது. புல்லின்மேல் கிடந்ததோ பூச்சியத்தைத் தொட்டிருந்தது. இடையே இருபது தப்படி தூரம்கூட இல்லை!

பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் இரவெல்லாம் வானை நோக்கி வெளியிடுகின்றது. மேகம் இருந்தால் அது போர்வை போல நின்று வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மேகமற்ற, காற்று அசையாத இரவில் தடுப்பார் இல்லை. புல்லின் நுனி, சுற்றியுள்ள காற்றைவிடவும் விரைவாகக் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று எடை மிகுந்தது. அது சரிவுகளில் இறங்கிப் பள்ளமான இடங்களில் தேங்குகின்றது. அங்கே காற்றில் உள்ள நீராவி, நீராக மாறாமலே பனித்துகளாகப் புல்லின்மேல் படிகின்றது. மரத்தின் கிளைகள் தமக்குக் கீழுள்ள நிலத்துக்கு ஒரு கூரையாக இருப்பதால், மரத்தடி தப்பிவிடுகின்றது. தாழ்வாரத்தின் கூரையும் அப்படித்தான். இவ்வளவையும் நான் ஒரே நாளில் சொல்லவில்லை. ஒரு வாரம் பலகையின் இடப்பக்கத்தில் நாள்தோறும் இரண்டு எண்கள் எழுதப்பட்டன. மேகம் சூழ்ந்த இரவுக்குப் பின் இரண்டு எண்களும் நெருங்கி வந்ததைக் கண்டதும், கேள்வி கேட்ட சிறுவனே விடையையும் பாதி கண்டுபிடித்துவிட்டான்.

இனி வலப்பக்கத்துக்கு வருவோம். குளிர்காலம் பள்ளிக்கு ஓய்வுக் காலம் அன்று. ஆண்டின் நடுவே நிற்கும் சுறுசுறுப்பான காலம். டிசம்பர் 11 பாரதியார் பிறந்த நாள். அதனை அடுத்து அரையாண்டுத் தேர்வு. தேர்வு முடிந்தால் விடுமுறை. மார்கழியை ஒட்டிப் படுகர் இன மக்கள் ஹெத்தை அம்மன் திருவிழாவைக் கொண்டாடும்போது எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு; வெண்ணிற ஆடையணிந்து மக்கள் ஊர் ஊராகச் செல்லும் காட்சி அழகானது. பின்னர்ப் பொங்கல். ஜனவரி 26 குடியரசு நாள். பிப்ரவரி 21 தாய்மொழி நாள். பிப்ரவரி 28 அறிவியல் நாள். இவற்றுக்கிடையே ஆண்டு விழாவுக்கான ஒத்திகையும் நடைபெறும்.

இவற்றுள் குழந்தைகள் ஆவலோடு எதிர்நோக்கியிருந்தது டிசம்பர் 22. கணித மேதை இராமானுசன் 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்த நாள் அது. 2012-ஆம் ஆண்டு முதல் தேசிய கணித நாளாகவும் அது கொண்டாடப்படுகின்றது. அதே இராமானுசன், 1897-ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார் என்பதை நான் சொல்லும்போது, தேர்வு எழுதிக் களைத்திருந்த முகங்களும் சற்று நிமிரும்.

அந்த நாளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஆண்டிலேயே நம் நண்பகல் நிழல் மிக நீண்டிருப்பது டிசம்பர் 21, 22 ஆகிய நாள்களில்தான். விடுமுறை வந்துவிட்ட ஆண்டுகளிலும், அருகில் குடியிருந்த பிள்ளைகள் அன்று பள்ளிக்கு வந்துவிடுவார்கள். மைதானத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலை அளப்போம். ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் இருக்கும். அதுவும் கடிகாரம் 12 அடிக்கும்போது அன்று. 12 மணி 20 நிமிட அளவில்தான் நிழல் மிகக் குறுகி வடக்கு நோக்கி நேராக நிற்கும். நம் நாட்டின் நேரம் கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகின்றது. நாங்களோ அதற்கு ஏறத்தாழ ஆறு பாகை மேற்கே இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் கதிரவன் எங்களிடம் தாமதமாக வருகின்றான். ‘கதிரவனும் தாமதமாக வருகிறான், சார், எங்களை மட்டும் கடிந்துகொள்கிறீர்களே’ என்று ஒரு குறும்பன் சொன்னது அன்றைய இடப்பக்கச் செய்தியாயிற்று.

வாரம் ஒருமுறை நிழலை அளந்து வந்தோம். ஜனவரியில் நிழல் குறையத் தொடங்கியது. ஆனால் குளிர் குறையவில்லை, கூடியது. ‘கதிரவன் மேலே ஏறுகிறான், ஏன் இன்னும் குளிர்கிறது?’ என்றனர். அடுப்பை மூட்டியவுடன் உலைநீர் கொதித்துவிடுகின்றதா? நிலம் இரவில் இழக்கும் வெப்பம் பகலில் பெறுவதைவிட மிகுந்திருக்கும் வரையில் குளிர் கூடிக்கொண்டுதான் போகும். மேலும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிவதால் எங்கள் மலையில் ஜனவரி இரவுகள் மிகக் கடுமையானவை. ஏப்ரல் 20 அளவில் அந்தக் குச்சி நண்பகலில் நிழலையே காட்டாது என்று நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஏப்ரலில் நம்பினார்கள்.

நேயர்களே, இவையெல்லாம் மகிழ்ச்சி தரும் நினைவுகள். இனி நான் சொல்லப்போவது மகிழ்ச்சி தருவது அன்று. ஆயினும், அதைச் சொல்வதற்காகவே இன்று உங்கள் முன் பேச வந்தேன்.

1998-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அந்த மாதத்தின் நடுவில் தொடர்ந்து சில நாள்கள் கடும் உறைபனி விழுந்தது. மூன்றாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி ஒருநாள் காலையில் என்னிடம் வந்து, ‘தேயிலைக் கொழுந்து எல்லாம் கருகிவிட்டது, சார்’ என்றாள். அவளுடைய தாயும் தந்தையும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அவள் சொன்னதை இடப்பக்கத்தில் எழுதினேன். எழுதியதோடு நில்லாமல் பாடமும் நடத்தினேன். இலையினுள் இருக்கும் நீர் உறைவதால் அதன் மென்மையான பகுதிகள் சிதைந்துபோகின்றன. வெயில் ஏறியதும் தீயில் வாட்டியது போல நிறம் மாறுகின்றது. அதனால்தான் இளஞ்செடிகளைக் காய்ந்த பெரணி இலைகளால் மூடிக் காக்கிறார்கள் என்றெல்லாம் விளக்கினேன். நல்ல பாடம் நடத்திவிட்டதாக எனக்கு மனநிறைவும் உண்டாயிற்று.

பத்து நாள் கழித்து, வலப்பக்கத்தில் இவ்வாறு எழுதினேன்: ‘ஜனவரி 26, காலை 8 மணி, கொடியேற்றம். மாணவர் அனைவரும் கம்பளிச் சட்டை அணிந்து வருதல் வேண்டும்.’

என் எண்ணத்தில் தீமை இல்லை. முந்தைய ஆண்டு குழந்தைகள் நடுங்கிக்கொண்டே நின்றதைக் கண்டிருந்தேன். அவர்கள் குளிரில் வாடக் கூடாதென்று கருதியே அப்படி எழுதினேன். அந்தச் சிறுமி அன்று தேசியக் கொடியைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் பேசுவதாக ஏற்பாடு. இரண்டு வாரமாகப் பாடம் செய்திருந்தாள்.

குடியரசு நாள் வந்தது. கொடி ஏறியது. அவளுடைய பெயரை அழைத்தேன், அவள் இல்லை. வேறொரு சிறுவனைப் பேசச் செய்தோம். மிட்டாய் வழங்கி முடித்தபோது ஒருவருக்கு உரியது மிஞ்சியது. ‘உடம்புக்கு முடியவில்லையோ?’ என்று கேட்டேன். ‘அவள் வந்தாள், சார். வாசலில் நின்று பார்த்தாள். பிறகு போய்விட்டாள்’ என்றான் ஒரு மாணவன்.

அந்த மிட்டாயை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் குடியிருப்புக்கு இறங்கிச் சென்றேன். அடுப்பின் அருகே அவள் உட்கார்ந்திருந்தாள். ‘ஏன் அம்மா உள்ளே வரவில்லை?’ என்றேன்.

‘பலகையில் எழுதியிருந்ததே, சார்’ என்றாள்.

அவளுடைய தாய் வெளியே வந்தார். ‘கொழுந்து கருகிப் போச்சுங்க சார். பதினைஞ்சு நாளா வேலை சரியா இல்லை. அடுத்த சம்பளத்திலே பிள்ளைக்குச் சட்டை எடுக்கலாம்னு இருந்தோம்’ என்றார். குறை சொல்லும் குரல் அன்று அது. கணக்கைச் சொல்லும் குரல்.

அன்று மேடேறித் திரும்பும்போது என் நெஞ்சம் கனத்திருந்தது. அந்தச் சிறுமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அவள் படித்தாள், படித்தபடி நடந்தாள். ‘அனைவரும்’ என்று நான் எழுதிய சொல்லே அவளை வெளியே நிறுத்தியது. தேயிலை கருகியது என்ற செய்தியை இடப்பக்கத்தில் எழுதியதும் இந்தக் கைதான்; கம்பளிச் சட்டை அணிந்து வா என்று வலப்பக்கத்தில் எழுதியதும் இந்தக் கைதான். அவள் எனக்குச் சொன்னது தன் வீட்டில் ஊதியம் இல்லை என்பதை. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஓர் அறிவியல் பாடத்தை மட்டுமே. இடப்பக்கத்தைப் படிக்காமல் நான் வலப்பக்கத்தை எழுதிவிட்டேன்.

மறுநாள் காலையில் பலகையின் இடப்பக்கத்தில் முதல் வரியாக, ‘நேற்றைய அறிவிப்பில் ஒரு பிழை இருந்தது. பிழை செய்தவர் ஆசிரியர்’ என்று எழுதினேன். காலை வணக்கக் கூட்டத்தில் அந்தச் சிறுமி ஐந்து வாக்கியங்களையும் பேசினாள். என்ன பிழை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒருவேளை, குழந்தைகளுக்கு அது தெரிந்தே இருந்தது போலும்.

பிறகு நாங்கள் செய்தது பெரிய செயல் ஒன்றும் அன்று. நானும் உடன் பணியாற்றிய ஆசிரியையும் எங்கள் வீடுகளிலும் தெரிந்தவர் வீடுகளிலும் பயன்படாமல் கிடந்த கம்பளி உடைகளைச் சேர்த்தோம். துவைத்து, கிழிசலைத் தைத்து, தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டியில் வைத்தோம். ‘பெட்டியில் கம்பளி உடைகள் இருக்கின்றன. குளிரும்போது யார் வேண்டுமாயினும் எடுத்து அணியலாம். மாலையில் திரும்ப வைக்கலாம்’ என்று வலப்பக்கத்தில் எழுதினோம். இல்லாதவர் எடுத்துக்கொள்க என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் யாரும் பெட்டியின் அருகில் போகவில்லை. நான் போய் ஒரு பழைய கழுத்துத் துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டேன். அதன்பின் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் எடுத்தார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் எடுத்தார்கள். எது யாருடையது என்பது ஒரு வாரத்தில் மறந்துபோயிற்று.

காலம் மாறியது. மலைப்பகுதி மாணவர்களுக்கு அரசே விலையின்றிக் கம்பளிச் சட்டை வழங்கும் திட்டம் பின்னாளில் வந்தது. நண்பகல் உணவு முன்பே இருந்தது. காலை உணவுத் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பனி விழும் காலையில் வெறும் வயிற்றோடு மேடேறி வரும் குழந்தைக்கு, ஆவி பறக்கும் உப்புமாவும் பொங்கலும் எத்தகைய வரவேற்பு என்பதை அந்தக் குளிரில் நின்றவர்களே அறிவார்கள். ஒரு வகையில் பார்த்தால், இத்திட்டங்களும் இடப்பக்கத்தைப் படித்துவிட்டு எழுதப்பட்ட வலப்பக்க வரிகளே. குழந்தைகள் பசியோடு வருகிறார்கள் என்ற செய்தியை யாரோ படித்தார்கள். அதனால் உணவு வரும் என்ற அறிவிப்பு எழுதப்பட்டது.

ஆனால், திட்டங்கள் வந்துவிட்டதால் நம் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. சுற்றுலாவுக்கு இன்ன தொகை, ஆண்டு விழாவுக்கு இன்ன நிறத்தில் ஆடை, நாளைக்குள் ஒரு வண்ணப் பெட்டி என்று அறிவிப்புகள் இன்றும் எழுதப்படுகின்றன, கைப்பேசியிலும் அனுப்பப்படுகின்றன. அவற்றைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றுவிடும் குழந்தை எந்த ஊரிலும் இருக்கக்கூடும். அந்தக் குழந்தை அழுது முறையிடாது. வராது, அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் ஒரு சிறு குறி விழும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை ஆசிரியர்களாவீர்கள், அலுவலர்களாவீர்கள், மன்றங்களின் செயலாளர்களாவீர்கள். கல்லூரியில் பயில்வோர் பலர் இப்போதே விழாக் குழுக்களில் இருப்பீர்கள். எங்கேனும் ஒரு பலகையில் நீங்கள் எழுத வேண்டிய நாள் வரும். ‘அனைவரும்’ என்ற சொல்லை எழுதுமுன் ஒரு நொடி நில்லுங்கள். அந்த அனைவரையும் ஒவ்வொருவராக மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். அவர்கள் அண்மையில் உங்களிடம் என்ன செய்தி சொன்னார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பின் எழுதுங்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் அந்தப் பலகையைத் துடைத்துவிட்டு வந்தேன். நடுக்கோட்டை மட்டும் துடைக்கவில்லை. அது பல ஆண்டுகளாகப் பலமுறை கிழிக்கப்பட்டு, பலகையிலேயே பதிந்துபோயிருந்தது. எனக்குப் பின் வந்தவர் இடப்பக்கத்தையும் படித்துவிட்டு வலப்பக்கத்தில் எழுதுகிறார் என்பது என் நம்பிக்கை.